போஸின் பாதரசத் துளி

வானொலி அலையைப் பிடிக்க ஆரம்ப காலத்தில் பயன்பட்ட கருவி, பிரான்ஸின் பிரான்லி உருவாக்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே உலோகத் தூள். அலை வந்ததும் தூள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். அதோடு சரி. குழாயைத் தட்டி உதறினால்தான் அடுத்த அலைக்குத் தயாராகும்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸுக்கு இந்தத் தொல்லை பொறுக்கவில்லை. ஒவ்வொரு உலோகமாக எடுத்துச் சோதித்தார். இரும்பும் பாதரசமும் மெல்லத் தொடுகிற இடம் தட்டாமலே தன் பழைய நிலைக்குத் திரும்பியது. தொடுகை எவ்வளவு லேசாக இருக்கவேண்டுமோ அவ்வளவு லேசாக அமைப்பதில்தான் வித்தை. கூடவே ஒரு தொலைபேசிக் காதுக்குழலை இணைத்தால் அலை வருவதைக் காதாலேயே கேட்கலாம். 1899 ஏப்ரலில் இது லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரையாகப் போனது. இதற்குப் போஸ் காப்புரிமை கேட்கவில்லை. அறிவை விற்பதில் அவருக்கு அருவருப்பு இருந்தது.

அதன்பின் அதுபோன்ற ஒரு பாதரசத் துளி இத்தாலியக் கடற்படையில் தென்படுகிறது. கண்ணாடிக் குழாயில் இரண்டு அடைப்புகள், நடுவே பாதரசம். கடற்படை அதிகாரி லூயிஜி சோலாரி அதைக் கம்பியில்லாத் தந்தி அமைத்துவந்த மார்க்கோனியிடம் கொடுத்தார். 1901 செப்டம்பரில் மார்க்கோனி தன் பெயரிலேயே பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில், பட்டத்தில் கட்டிய கம்பியோடு அதை இணைத்து, சுமார் 3,500 கி.மீ. தொலைவில் கார்ன்வாலின் போல்டுவிலிருந்து வந்த 'எஸ்' எழுத்தின் மோர்ஸ் குறியான மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார்.

உண்மையில் கேட்டதா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. கருவி யாருடையது என்ற சண்டையோ அப்போதே மூண்டது. காஸ்டெல்லி என்ற கடற்படைச் சிப்பாய்தான் செய்தார் என்று ஒரு தரப்பு. சோலாரி என்று மறுதரப்பு. சண்டை இத்தாலியர்களுக்குள்ளேயே நடந்தது!

போஸ் தேடியது இயற்கையின் விதியை. கடல்தாண்டித் தந்தி அனுப்பும் ஏற்பாட்டைக் கட்டியவர் மார்க்கோனிதான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சில் வந்து இரண்டு வருடமான ஆய்வுக்கு ஒரு வரி நன்றியாவது சேர்ந்திருக்க வேண்டும். 1998-இல் பந்தோபாத்யாய் என்ற பொறியாளர் பழைய ஆவணங்களைக் கோத்து, அந்தத் துளியின் வேர் போஸின் 1899 கட்டுரையில் இருப்பதாக ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பின் இதழில் எழுதினார். போஸ் மறைந்து அப்போது 60 ஆண்டுகளுக்கு மேல்.