இரைச்சலால் இரைச்சலை அடக்கிய கதை

வெளிநாடு செல்லும் நண்பர்கள் சிலர், இரைச்சல் அடக்கும் ஹெட்போன்களில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அது யாருக்காக, எந்த இரைச்சலுக்காக உருவானது என்பதை அறிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது எனது எண்ணம்.

ஒலி ஓர் அலை. அதன் மேட்டுக்கு நேரே பள்ளம் விழும்படி இன்னோர் அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இதற்கு 1933 இல் ஜேர்மனியில் காப்புரிமை கோரினார் போல் லூக். 1936 இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் எண்ணத்தைக் கருவியாக்கும் வல்லமை அன்றைய மின்னணுவியலுக்கு இருக்கவில்லை. 1950 களில் லோரன்ஸ் ஃபோகல் என்ற அமெரிக்கர் விமானி அறையின் இரைச்சலைக் குறைக்கும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். பயணிகளைப் பற்றி அப்போது எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரன் நோக்கிய விமானத்தில் அமர் போஸ் அமர்ந்திருந்தார். பிரித்தானியர் ஆட்சியில் சிறை கண்டு, பின் கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற வங்காள விடுதலைப் போராளி ஒருவரின் மகன் இவர். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் பேராசிரியர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டினார். இயந்திர இரைச்சலில் இசை அமுங்கிப்போனது. பொஸ்ரனில் இறங்குமுன்னரே அதற்கான கணக்குகளைத் தாளில் போட்டுவிட்டார். ஆனால் கணக்கு விற்பனைப் பொருளாவதற்குப் பதினொரு ஆண்டுகள் சென்றன.

இடையில் ஒரு பெரும் சோதனை. 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் 'வொயேஜர்' விமானத்தில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் 9 நாட்களில் உலகைச் சுற்றினர். ஒடுங்கிய அந்த அறையில் இரவு பகலாக இயந்திர ஓசை. அவர்களின் செவிப்புலனைக் காக்கப் போஸ் நிறுவனத்தின் மாதிரிக் கருவிகள் கொடுக்கப்பட்டன. 1989 இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. சாதாரண பயணிகளுக்கு 2000 ஆம் ஆண்டில்தான் கிட்டியது.

செவிப்புலன் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்திரிகை அலுவலகத்தில் அச்சு இயந்திரத்தின் அருகே ஆண்டுக்கணக்கில் நின்ற தொழிலாளர் பலர், ஓய்வுபெறுமுன்னரே எதையும் இரண்டாம் தரம் கேட்பவர்களாகிவிட்டதைக் கண்டிருக்கிறேன். பயணியின் ஆபத்து வேறு வகையானது. இயந்திர ஓசையை மீறிப் படத்தின் வசனம் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே இருக்கிறோம். வயோதிபப் பெற்றோரைப் பிள்ளைகளிடம் அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வாங்கும் விடயம். இக்கருவி அடக்குவது தாழ்ந்த, இடைவிடாத ஓசையை. பின் இருக்கைக் குழந்தையின் அழுகை ஓரளவு குறையுமே தவிர மறையாது. முழு அமைதி என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் காதை மூடும் மெத்தையே. எனவே பெயரைவிடப் பொருத்தம் முக்கியம். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைச் சற்றே தூக்கினாலும் இரைச்சல் உள்ளே புகும். கம்பியில்லாக் கருவியானாலும் கம்பி பொருத்தும் துளை உள்ளதா என்று பாருங்கள்; பல விமானங்களின் இருக்கைத் திரைக்குக் கம்பி இன்றும் தேவை. பற்றரி முழுப் பயணத்துக்கும் தாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது வழமையாக அணியும் கண்ணாடியோடு போய், அரை மணி நேரமாவது மாட்டிப் பாருங்கள்.