தங்கம் போச்சு, தூசி தங்கிருச்சு

காற்று எல்லோருக்கும் பொது என்பது நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கதையாடல்களில் ஒன்று. நிலத்தைப் பட்டா போடலாம், தண்ணீரை மறிக்கலாம். காற்றை யாரு என்ன பண்ணிட முடியும்? ஜோஹன்னஸ்பர்க்கின் வரலாறு இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது.

1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதால் பிறந்த நகரம் அது. ஒரு டன் பாறையை இடித்தால் கிடைப்பது சில கிராம் பொன். மிச்சம்? மாவாக அரைக்கப்பட்டு, 1890களிலிருந்து சயனைடு கரைசலில் அலசப்பட்டு, நகரின் தெற்கே மஞ்சள் மேடுகளாகக் குவிந்தது. பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மழையற்ற மாதங்கள் முடியும் ஆகஸ்ட், செப்டம்பர் காற்றில் அந்த மேடுகள் எழுந்து வீடுகளுக்குள் வருகின்றன. பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூக்கைத் தாண்டிவிடும். அதிலும் நுண்ணியது நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

மேடுகளின் அடிவாரத்தில் யார் இருந்தார்கள்? இனஒதுக்கல் அரசு இந்தச் சுரங்கப் பட்டையையே எல்லைச்சுவராகப் பயன்படுத்திக்கொண்டது: வடக்கே வெள்ளையர், தெற்கிலும் தென்மேற்கிலும் கறுப்பர். இந்தப் பிரிப்பு அதற்கும் முந்தியது. 1904இல் பிளேக் வந்தபோது, 'கூலி லொகேஷன்' என்றழைக்கப்பட்ட இந்தியர் குடியிருப்பு கொளுத்தப்பட்டது. அங்கிருந்த கறுப்பர்கள் கிளிப்ஸ்புருயிட்டில், நகரின் சாக்கடைப் பண்ணைக்குப் பக்கத்தில், குடியமர்த்தப்பட்டார்கள். பிற்காலச் சொவெட்டோவின் தொடக்கம் அதுதான். 'சுகாதாரம்' என்ற பெயரில் நடந்தது இது.

சொவெட்டோவுக்கு இன்னொரு தூசியும் உண்டு: நிலக்கரிப் புகை. 1940களிலிருந்து ஆர்லாண்டோ அனல்மின் நிலையம் அங்கேயே நின்று கரியை எரித்தது. மின்சாரம் வெள்ளையர் பகுதிகளுக்கு, புகை சொவெட்டோவுக்கு. 1976 எழுச்சியின்போதுகூட அங்கே பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை; கரியடுப்புதான். குளிர்கால இரவுகளில் மேலே வெப்பக்காற்று மூடிபோலக் கவிந்துகொள்ள, புகை தெருவிலேயே தேங்கும். 1965இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் வெள்ளையர் பகுதிகளோடு பெரும்பாலும் நின்றுபோயின. கரண்டே கொடுக்காம கரியை எரிக்காதேன்னு சொல்ல முடியுமா? சட்டத்தின் மௌனத்தையும் ஒரு பிரதியாக நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

சுரங்கத்துக்குள்ளும் இதே கணக்குதான். பாறைத்தூசி நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் பற்றி 1902இலேயே அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1911, 1912இல் இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. ஆனால் வெள்ளையருக்கு ஒரு அளவு, கறுப்பருக்கு வேறு அளவு. அந்த இனபேதம் சட்டத்திலிருந்து நீங்கியது 1993இல். தெம்பெகிலே மன்காயி என்ற தொழிலாளி பதினாறு ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்து, நுரையீரலுக்கு ஈடாக 16,320 ராண்ட் பெற்றார். கம்பெனிமீது வழக்குத் தொடுக்கும் உரிமைக்காகப் போராடினார். 2011 மார்ச் 3இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. ஒரு வாரம் முன்னதாகவே அவர் இறந்துபோயிருந்தார். அந்தத் தீர்ப்பு திறந்த வழியில்தான் 2019இல் ஐந்நூறு கோடி ராண்ட் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது.

பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணம் சுரங்கத்துக்குள் தூசி சுவாசித்தவருக்கும், அவர் இறந்திருந்தால் குடும்பத்துக்கும் மட்டுமே. மேட்டின் அடியில் துணி உலர்த்தியவள் சுவாசித்ததும் அதே பாறைதானே? அவளுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் கணக்கிலும் இல்லை.

1996 அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலை எல்லோருக்கும் உரிமையாக்குகிறது. காற்று பொதுவானது என்று எழுதியாயிற்று. அடிவாரத்துக்காரர்கள் அதை இன்னும் வாங்கியாக வேண்டும்.