மரமும் கேணியும்

மட்டக்களப்பிலிருந்து வாகரை நோக்கித் திருமலை வீதியில் செல்பவர்கள் மூன்று ஊர்ப்பெயர்களைக் காண்பார்கள்: காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. மூன்றிலும் ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் சேர்ந்தே நிற்கின்றன. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில்தான் எம் மீனவர்கள் முன்பு நூல்வலைகளுக்குத் துவர் ஏற்றினார்கள். நைலோன் வந்தது, மரத்தின் மதிப்பும் போயிற்று.

இக்கரையின் நன்னீர் நுட்பமானது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இடைப்பட்ட மணலில் இறங்கும் மாரிமழை, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்க இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலேறியது. கிழக்குக் கரையை ஆராய்ந்த நீரியலாளர்கள் இதனைப் பதிவு செய்துள்ளனர். கிணறுகளைப் பெரும்பாலும் தேற்றியது அடுத்தடுத்து வந்த மாரிமழையே.

கோடையில் பூங்காவின் முதுமரம் வாடினால் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம். எந்த நீர், எங்கே, எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

இக்கேள்விகளுக்குப் பெருவிலை கொடுத்து விடை தேடிய நகரம், எம்மவர் பலர் குடியேறியுள்ள மெல்பேர்ண். அங்குள்ள பூங்காக்களில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடப்பட்ட எல்ம் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பூஞ்சை நோயொன்று அவ்வினத்தைச் சூறையாடிவிட்டதால் அவற்றின் அருமை கூடியது. 1997 முதல் 2009 வரை நீடித்த வரட்சியில் நீர்க்கட்டுப்பாடுகள் வந்தன. பூங்காக்களுக்குப் பாய்ச்சும் நீர் குறைந்தது. ஆண்டாண்டாய் அந்நீருக்குப் பழகிய முதுமரங்கள் நலிந்தன. மாநகர சபையின் 2012ஆம் ஆண்டு நகர்வனத் திட்டம், முதுமையும் சேர்ந்து, பத்தாண்டுகளில் 23 வீதமான மரங்களும் இருபதாண்டுகளில் 39 வீதமானவையும் இழக்கப்படலாமெனக் கணித்தது. பின்னர் ஃபிட்ஸ்ரோய் பூங்காவில் நிலத்தடித் தொட்டிகள் அமைத்து, வடிகாலில் வீணாகும் மழைநீரைச் சேமித்துப் பாய்ச்சலானார்கள். என் கண்ணில் இது புதுமையன்று, கேணிதான்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் மரங்களை முறித்துப் போட்டது. தப்பியவை சொற்பம். அவற்றின் அடியில் இன்று சீமெந்துக் கல் பதித்து, தண்டை ஒட்டிக் குழாய்நீர் விடுவதைக் காணும்போது எனக்கு எரிச்சலே மேலிடுகிறது. பெருமரத்தின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், கிளைவிரிவையும் கடந்து பரந்திருப்பவை. தண்டடியில் ஓயாது ஈரம் நின்றால் மண்ணில் காற்றோட்டமற்று வேர் அழுகும். நாள்தோறும் தெளிக்கும் சிறுநீர் புல்லுக்கே போகும். இடைவெளி விட்டு, கிளைநுனிக்குக் கீழே, மெதுவாக ஆழ ஊறவிட வேண்டும். மேலே சருகு மூடவேண்டும். உவர்க்கிணற்று நீரோ நஞ்சு.

ஒக்டோபரில் மாரி தொடங்குகிறது. பூங்காக் கட்டடங்களின் கூரைநீர் இப்போதும் கானில் விழுந்து வாவிக்கே போகிறது.