ஒரே மலை, இரண்டு ஆதாம்

கொடைக்கானல் ஏரியை மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஏரி உருவான 1863-ஆம் ஆண்டை விட்டு இன்னும் நாம் நகர வேண்டாம். அதே ஆண்டு மே 30-ஆம் தேதி, சென்னையை அடுத்த பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சரளை மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆற்று வெள்ளம் உருட்டித் தேய்த்த கல் அல்ல அது. ஒரு கை அதைத் திட்டமிட்டுச் செதுக்கியிருந்தது. சில மாதங்களில் அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கற்கோடாரிகள் கிடைத்தன. அவற்றின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் சாந்தி பப்பு குழுவினர் ஆய்வு வெளியிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆக, அந்தக் கோடாரியைப் பிடித்த கை நம் இனத்தின் கையே அல்ல.

ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பாதிரியார். ஆதாமின் கதையைத் தமிழில் எழுதிய வீட்டுக்கே, ஆதாமுக்கு முந்திய மனிதனின் ஆயுதம் மருமகன் வழியாக வந்து சேர்ந்தது. உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று பேராயர் அஷர் போட்ட கணக்கு ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அப்போதும் அச்சாகிக்கொண்டிருந்தது.

இனி மலைக்குப் போவோம். கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருவாகப் போகும் இளைஞர்கள் அப்போது மெய்யியல் படித்த மடம் அது. பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரச் சாமியார்களோ வகுப்பு முடிந்ததும் சோலைக்குள் இறங்கிவிடுவார்கள். லூயி ஆங்கிலேட் செடி செடியாக வரைந்து வண்ணம் தீட்டினார். ஜார்ஜ் ஃபோரோ ஈரப் பாறைகளில் படர்ந்த பாசிகளைச் சேகரித்தார். பழனிமலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய பட்டியல் 1961-இல் அச்சேறியது. அந்த மரபில் கடைசிப் பெரிய பெயர் கே.எம். மேத்யூ. பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1999-இல் வந்தது.

ஆங்கிலேட் செடிகளோடு நிற்கவில்லை. நியூட்டன் என்ற இன்னொரு சாமியாரோடு சேர்ந்து இந்த மலையின் கற்திட்டைகளைத் தேடி அலைந்தார். பெருமாள்மலை, பேத்துப்பாறைப் பக்கம் போனவர்கள் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். பலகை போன்ற கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரே கல்லைக் கூரையாகப் போட்டிருப்பார்கள். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால்தான் ஊர்க்காரர்கள் அவற்றைக் குள்ளர் குகை என்கிறார்கள். குள்ள மனிதர்கள் கட்டி வாழ்ந்த வீடுகளாம். இரண்டு சாமியார்களும் ஒவ்வொன்றையும் அளந்து, படம் வரைந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் நூலாக வெளியிட்டது. கற்திட்டைகளால் வேதத்துக்குச் சிக்கல் எதுவும் இல்லை. அவற்றின் வயது இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் என்பது அஷர் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும். சிக்கல் முழுவதும் பல்லாவரத்துக் கல்லில் இருந்தது. அதைவிட அதிகமாக, குரங்கில் இருந்தது.

பரிணாமம் சொல்வது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கொடைக்கானல் தூண் பாறையில் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற குரங்கு மனிதனாக மாறியது என்று டார்வின் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு பொது மூதாதை ஒன்று இருந்தது. சிம்பன்சிக்கும் நமக்கும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. பழனிமலைக்குக் கிழக்கே அய்யலூர், கடவூர் காடுகளில் இருக்கும் தேவாங்கு இன்னும் தூரத்துப் பங்காளி. அதன் கையைப் பாருங்கள்: மடங்கிப் பிடிக்கும் விரல்கள், எதிர்ப்புறம் விரியும் கட்டைவிரல், நுனியில் நம்முடையதைப் போன்ற தட்டை நகங்கள். காலில் இரண்டாவது விரலில் மட்டும் ரோமத்தைக் கோதிக்கொள்ள ஒரு கூர்நகம் மிச்சமிருக்கிறது.

கத்தோலிக்கத் தலைமையான ரோமாபுரி பரிணாமத்தை எப்படி எதிர்கொண்டது? கலிலியோ விவகாரத்தில் பட்ட காயம் அதற்கு நினைவிருந்தது. ஜான் சாம் என்ற அமெரிக்கக் குரு, பரிணாமமும் கத்தோலிக்கக் கோட்பாடும் ஒத்துப்போகும் என்று 1896-இல் நூல் எழுதினார். 1898-இல் அந்த நூலுக்குத் தடை போட்டார்கள். ஆனால் தடையாணையை வெளியிடவே இல்லை. 1909-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு, படைப்பின் ஆறு ‘நாட்களை’ நீண்ட காலங்களாகக் கொள்ளலாம், ஆனால் மனிதன் தனிப் படைப்பு என்பதில் சந்தேகம் கூடாது என்றது. செண்பகனூர் வகுப்பறைக்கும் அதுதான் வேலி. செடிக்கும் பாசிக்கும் எந்தத் தடையும் இல்லை. மனிதனிடம் வரும்போது நின்றுவிட வேண்டும்.

அந்த வேலியைத் தாண்டியவர் அதே இயேசு சபையின் தெய்யார் த ஷார்தன். சீனத்தில் பீக்கிங் மனிதனின் எலும்புகள் கிடைத்த சோகௌதியானில் வேலை செய்தவர். 1935-இல் இந்தியாவுக்கு வந்து நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கற்கருவிகளைத் தேடியவர். ஆதாமின் பாவம் எல்லோருக்கும் பிறப்போடு வருகிறது என்ற பிறப்புநிலைப் பாவக் கோட்பாட்டைப் பற்றி அவர் எழுதிய ஒரு குறிப்புக்காக 1920-களிலேயே பாரிஸில் ஆசிரியர் பதவியை இழந்தார். மனிதனைப் பற்றிய அவருடைய பெருநூல் அவர் உயிரோடு இருக்கும்வரை வெளிவரவில்லை. 1955 ஏப்ரல் 10, உயிர்த்த ஞாயிறு அன்று இறந்தார். அதன் பிறகுதான் நூல் வந்தது. மேலிடத்துக்குக் கீழ்ப்படிந்து முப்பது ஆண்டுகள் வாய் மூடியிருந்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. மேலிடம் செய்தது அநியாயம்தான். அதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் உயிரோடிருந்தபோதே, 1950 ஆகஸ்ட் 12 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஒரு சுற்றுமடலில் கதவைச் சற்றுத் திறந்தார். உடல் முன்பிருந்த உயிரினத்திலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் ஆராயலாம்; ஆன்மாவோ ஒவ்வொன்றும் கடவுளால் நேரே படைக்கப்படுவது என்று நம்ப வேண்டும். 1996-இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமத்தை வெறும் கருதுகோள் என்று இனிச் சொல்ல முடியாது என்று அறிவித்தார்.

இனி ஏரிக்கரைக்கு வருவோம். 1845-இலேயே இங்கே பங்களா கட்டிய அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மட்டுமல்ல, பல சபைகளின் மிஷனரிகளும் கோடையில் இந்த ஊரில் கூடினார்கள். அவர்களில் மிசௌரி லூத்தரன் சபையார் தனி ரகம். அவர்களுடைய இந்திய வரலாறே ஒரு வேதச் சண்டையில் பிறந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த நேதர், மோன் என்ற இருவர், பைபிளில் ஒரு சொல்கூடப் பிழையாக இருக்க முடியாது என்று வாதிட்டார்கள். தங்கள் மிஷன் அதில் நெகிழ்வதாகக் குற்றஞ்சாட்டியதால் அவர்கள் வெளியேற நேர்ந்தது. மிசௌரி சபை அவர்களை ஏற்றுக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு அனுப்பியது. செண்பகனூர்க் கல்லூரி எழுந்த அதே 1895-இல் அங்கே வேலை தொடங்கியது. பின்னர் அது ஆம்பூர், நாகர்கோவில் என்று பரவியது. கொடைக்கானலில் அவர்கள் அமைத்த மலைவாச இல்லம்தான் லாக் எண்ட். மிஷனரிகளின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1932-இல் அந்தச் சபை வெளியிட்ட விசுவாச அறிக்கை, ஆதியாகமம் சொல்கிறபடி ஆறு நாளில் படைப்பு என்பதைக் கறாராக வலியுறுத்தியது.

பரிணாமத்தைச் சுற்றி எழுந்த பிளவை நம்மில் பலர் விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் நடந்த சண்டை என்றே படித்திருக்கிறோம். இந்த மலையின் சாட்சி வேறு. நேதரும் மோனும் வெளியேறியது குரங்கை வைத்து நடந்த விவாதத்தால் அல்ல. வேதத்தை எப்படி வாசிப்பது என்பதால். அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான் பின்னால் டார்வினுக்கும் பதிலாயிற்று. செண்பகனூரில் ஆறு நாட்கள் ஆறு யுகங்களாக விரிய இடம் இருந்தது; லாக் எண்டில் அவை ஆறு நாட்களாகவே நின்றன. ஏரிக்கரையில் இருந்த மற்றச் சீர்திருத்த சபைகள் பலவற்றில் அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார்கள்.

ரோமாபுரியின் பதிலும் முடிந்த பதில் அல்ல. 1950-ஆம் ஆண்டுச் சுற்றுமடல், மனிதகுலம் முழுவதும் ஒரே ஆதாமின் வழித்தோன்றல் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. பிறப்புநிலைப் பாவக் கோட்பாடு அதன்மேல் நிற்கிறது. மரபணு ஆய்வோ, நம் முன்னோர் தொகை இரண்டே பேராகச் சுருங்கியதற்குத் தடயம் இல்லை, சில ஆயிரம் பேராவது எப்போதும் இருந்தார்கள் என்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு பாடம். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோதும் நம்மூர்ப் புத்தகத்தில் அது இருந்தது. மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கிறிஸ்தவப் பள்ளிகளிலும் அதே புத்தகம்தான். காலையில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு மாலையில் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளை, அந்தச் சில ஆயிரம் பேரில் ஆதாம் யார் என்று கேட்டால், கத்தோலிக்க இறையியலாளர்கள் இன்றும் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை.

(தொடரும்)