கூப்பர் ஆற்றின் அக்கரையில்: மவுண்ட் பிளசண்ட் சொல்லும் வரலாறு



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். நமது பங்கின் வரலாற்றை இம்மலரின் பிற பக்கங்களில் பெரியோர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே, நாம் கடல் கடந்து சென்று கண்ட ஓர் ஊரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விழைகிறோம். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கடற்கரையில், தென் கரோலினா மாநிலத்தில் உள்ள மவுண்ட் பிளசண்ட் என்னும் ஊர். நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் அப்பக்கத்தில் பணியாற்றிய காலத்தில், அவருடைய அழைப்பின் பேரில் சில நாள் அங்கே தங்கி வந்தோம். எங்கோ இருக்கும் ஊர் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யூபிலி கொண்டாடும் எந்தப் பங்குக்கும் அவ்வூர் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. பொறுமையோடு படித்துப் பாருங்கள்.

பழம்பெரும் நகரமும் அதன் அக்கரையும்

மவுண்ட் பிளசண்டைப் பற்றிச் சொல்லுமுன் சார்ல்ஸ்டன் நகரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் பெயரால் 1670-இல் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றம் அது. ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகள் இருபுறமும் ஓடிக் கடலில் கலக்கும் இடத்தில், நிலம் ஒரு நாக்கைப் போல் நீண்டிருக்கிறது. அந்நிலத்தில்தான் நகரம் நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதற் குண்டுகள் 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று வெடித்தது இத்துறைமுகத்தின் வாயிலில் உள்ள சம்டர் கோட்டையின் மீதுதான். பழைய வீடுகளும் உயர்ந்த கோவில் கோபுரங்களும் கல் பாவிய தெருக்களும் இன்றும் பார்ப்போர் கண்ணைக் கவர்கின்றன.

கூப்பர் ஆற்றுக்குக் கிழக்கே, அக்கரையில் இருப்பது மவுண்ட் பிளசண்ட். 1929-இல் முதற் பாலம் கட்டப்படும் வரை தோணியும் படகுமே இரு கரைகளையும் இணைத்தன. 2005-இல் திறக்கப்பட்ட புதிய பாலம் இரும்பு வடங்களால் தாங்கப்பட்டு, இரண்டு பெரும் பாய்கள் விரித்தாற்போல் காட்சி தருகிறது. பாலத்தைக் கடந்தால் நகரத்துச் சந்தடி அடங்கிவிடுகிறது. கிளை பரப்பிய ஓக் மரங்கள், அவற்றில் சடை போல் தொங்கும் சாம்பல் நிறப் பாசி, ஷெம் ஓடையில் கட்டிக் கிடக்கும் இறால் படகுகள், உப்பு நீர்ச் சதுப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள் என்று எங்கும் அமைதி. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 90 ஆயிரத்துக்கு மேல். ஆனால் பழைய குடியிருப்புத் தெருக்களில் நடந்தால் ஒரு கிராமத்தில் நடப்பது போலவே தோன்றும்.

இந்த அமைதிக்கு அடியில் கிடக்கும் வரலாறு அமைதியானது அன்று.

நெல் தந்த செல்வம்

சார்ல்ஸ்டன் மாளிகைகளை எழுப்பிய செல்வம் எதிலிருந்து வந்தது? தங்கச் சுரங்கத்திலிருந்து அன்று, நெல்லிலிருந்து வந்தது. ‘கரோலினா தங்கம்’ என்றே அவ்வூர் நெல்லுக்குப் பெயர். அதை விளைவித்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவரப்பட்ட மக்கள். செனகல், காம்பியா, சியரா லியோன் ஆகிய கரையோரப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டு வந்த சமூகங்கள் இருந்தன. சதுப்பைத் திருத்துவது, கரை கட்டுவது, கடல் ஏற்றத்தைக் கணக்கிட்டு நீரை விடுவதும் தடுப்பதும் ஆகிய வேலைகள் யாவும் அவர்கள் கையால் நடந்தன.

மவுண்ட் பிளசண்டுக்கு அருகே சல்லிவன் தீவு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய அடிமைகளை நோய் பரவாதிருக்க அத்தீவில் அடைத்து வைத்த கொட்டடிகள் இருந்தன. அங்கே இறந்தவர் போக எஞ்சியவர் நகரத்துச் சந்தையில் விற்கப்பட்டனர். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் துறை வழியே வந்தனர் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் மதிப்பு. 1808 சனவரி முதல் நாளில் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி நின்றது. அடிமை முறை நிற்கவில்லை. அது ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்துயருக்குச் சல்லிவன் தீவில் நெடுங்காலம் நினைவுச் சின்னம் என்று சொல்லத்தக்கது ஏதும் இருக்கவில்லை. அடிமைகளை நினைத்து அமர்வதற்குச் சாலையோரத்தில் ஒரு பெஞ்சு கூட இந்நாட்டில் இல்லையே என்று எழுத்தாளர் டோனி மாரிசன் 1989-இல் வருந்தினார். 2008-இல் அத்தீவில் ஓர் எளிய கறுப்பு இரும்புப் பெஞ்சு போடப்பட்டது. நாமும் அதில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். எதிரே சதுப்பு நிலமும் நீரும். வேறொன்றும் இல்லை.

மாளிகையும் குடிசையும்

மவுண்ட் பிளசண்டில் பூன் ஹால் என்னும் பழைய பண்ணை உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. வாயிலிலிருந்து முக்கால் மைல் தூரத்துக்கு இருபுறமும் ஓக் மரங்கள் அணிவகுத்து நிற்க, முடிவில் வெண்தூண்கள் தாங்கிய மாளிகை தெரிகிறது. பார்ப்பவர் அனைவரும் அம்மாளிகையைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஆனால் அது 1936-இல் கட்டப்பட்டது! அங்கே உண்மையிலேயே பழமையானவை சாலையோரம் வரிசையாக நிற்கும் ஒன்பது சிறிய செங்கல் குடிசைகள். அவை அடிமைகள் வாழ்ந்த வீடுகள். வயது ஏறக்குறைய இருநூறு. அப்பண்ணையில் அடிமைகள் அறுத்துச் சுட்ட செங்கல், சார்ல்ஸ்டன் நகரத்துக் கட்டடங்களுக்கும் சென்றது. பழைய சுவர்களை உற்றுப் பார்த்தால், ஈரக் களிமண்ணில் பதிந்த விரல் தடங்களை அவ்வப்போது காணலாம். அத்தடங்களில் சில சிறுவர்களுடையவை.

அண்மையில் இருக்கும் மற்றொரு பண்ணை ஸ்னீ பார்ம். அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1787-இல் கையெழுத்திட்ட சார்ல்ஸ் பிங்க்னியின் உடைமை. விடுதலையைப் பேசிய அதே மன்றத்தில், தப்பியோடும் அடிமையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதியைக் கோரியவர்களுள் அவரும் ஒருவர். மனிதன் தன் விடுதலையை மட்டும் விடுதலை என்று எண்ணத் தொடங்கினால் நேர்வது இதுதான்.

கூடை சொல்லும் கதை

இந்த அடிமைகளின் வழித்தோன்றல்களைக் கல்லா கீச்சி மக்கள் என்று அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நமது காதில் ‘கல்லாதவர்’ என்று விழலாம். ஆனால் எசமானர்களைச் செல்வராக்கிய உழவு வித்தையைக் கற்றிருந்தவர்கள் இவர்களே! 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றை எதில் எழுதி வைப்பார்கள்? கூடையில் எழுதி வைத்தார்கள்.

நெல்லைக் குற்றிப் புடைக்க அகன்ற சுளகு ஒன்று வேண்டுமல்லவா? அதை அம்மக்கள் ஆப்பிரிக்காவில் செய்த முறையிலேயே இங்கும் செய்தார்கள். நமது வீடுகளில் இருப்பது மூங்கிலால் முடைந்த சுளகு. அவர்களுடையது புல்லைக் கற்றையாகத் திரட்டி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வைத்து, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்மெட்டோ மரத்து ஓலைக் கீற்றால் இறுக்கித் தைத்தது. ஓலையை நுழைக்கத் துளையிடும் கருவி, பெரும்பாலும் தேய்த்துக் கூராக்கிய ஒரு கரண்டிக் காம்பு. மணப்பாடு முதலிய நமது கடற்கரை ஊர்களில் பனையோலைப் பெட்டி முடையும் தாய்மாரின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு, அங்கே சாலையோரத்தில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் விரல்கள் அந்நியமாகத் தோன்றா.

1930-களில், பாலம் வந்து 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் பெருகியபோது, பெண்கள் சாலையோரத்தில் மரச் சட்டம் நிறுத்திக் கூடைகளை மாட்டி விற்கத் தொடங்கினர். இன்றும் அக்கடைகளைக் காணலாம். தாயிடமிருந்து மகளுக்கு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு என மூன்று நூற்றாண்டுகளாக வரும் கைத்தொழில் இது. தென் கரோலினா அரசு 2006-இல் இதை மாநிலக் கைவினையாக அறிவித்தது.

அறிவிப்பு வந்தது, புல்தான் அரிதாகிக் கொண்டிருக்கிறது. கடலோர மணல்மேடுகளில் வளரும் அந்த இனிய புல் நின்ற இடங்களில் மாடிவீடுகளும் விடுதிகளும் எழுந்துவிட்டன. வேலி கட்டிய பிறகு உள்ளே சென்று அறுக்க அனுமதி இல்லை. மற்றொரு தொல்லையும் உண்டு. விடுதலைக்குப் பின் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவர்கள் வாங்கிய நிலம், உயில் எழுதாமலேயே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பொதுவாக இறங்கியது. வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளி தன் பங்கை விற்றால், வாங்கியவர் நீதிமன்றம் சென்று முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. பங்காளிச் சொத்தில் பத்திரம் சரியாக இல்லாமல் அல்லல்பட்ட குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர் அழகாக வளர வளர நிலத்தின் விலையும் வரியும் ஏறுகின்றன. அழகைக் காண வந்தவர் தங்கிவிட, அவ்வழகை உண்டாக்கியவர் வெளியேறும் நிலை!

ஆயரின் பள்ளிக்கூடம்

இவ்வரலாற்றில் நமது திருச்சபைக்கும் ஒரு பக்கம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை. 1820-இல் சார்ல்ஸ்டன் மறைமாவட்டம் ஏற்படுத்தப்பட்டபோது, இரு கரோலினாக்களும் ஜார்ஜியாவும் அதில் அடங்கின. அதன் முதல் ஆயர், அயர்லாந்து நாட்டுக் கார்க் நகரில் பிறந்த மேதகு ஜான் இங்கிலாந்து ஆண்டகை. 1822-இல் அவர் தொடங்கிய வார இதழே அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கச் செய்தித்தாள் எனப் போற்றப்படுகிறது. 1829-இல் கன்னியர் சபை ஒன்றையும் அவர் நிறுவினார்.

1835-இல் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஆயர் பள்ளி ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டு சூலையில் நகரத்தில் கலவரம் மூண்டது. அடிமை ஒழிப்பை வலியுறுத்தி வந்த அஞ்சல்களைக் கும்பல் தீயிட்டுக் கொளுத்தியது. ஆயரின் பள்ளிக்கும் மிரட்டல் வந்தது, பள்ளி மூடப்பட்டது. 1839-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். அத்திருமடல் கப்பல் வாணிகத்தை மட்டுமே கண்டிக்கிறது, வீட்டில் வைத்திருக்கும் அடிமை முறையை அன்று என்று விளக்கம் கூறி, ஆயர் தொடர் கடிதங்கள் எழுதினார். அடிமை முறை நீடிப்பதில் தமக்கு விருப்பமில்லை என்றும் அவரே கூறியிருந்தார். சிறிய, ஐயத்தோடு நோக்கப்பட்ட தம் மந்தையைக் காக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. 1842-இல் அவர் மறைந்தார்.

அவரைக் குறை கூறுவது எளிது. நூற்றெண்பது ஆண்டு கழித்துப் பேசும் நமக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் உண்மையைக் கண்டுகொள்ள வேண்டும். நல்ல மேய்ப்பரும் தம் காலத்து அச்சத்துக்கு ஆளாகலாம். பள்ளியைத் திறந்த கையும் அக்கடிதங்களை எழுதிய கையும் ஒன்றே. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு. ஒன்றை விட்டால் வெறும் வாழ்த்துப்பா.

சார்ல்ஸ்டன் நகர மன்றம் 2018 சூன் 19 அன்று அடிமை முறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அடிமைகள் வந்திறங்கிய கட்ஸ்டன் துறையிலேயே 2023-இல் ஆப்பிரிக்க அமெரிக்க மக்களுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கல்லா மொழியில் புதிய ஏற்பாடு 2005-இல் அச்சேறியது. நமது இளைஞர்கள் பாசறைகளில் கை கோத்துப் பாடும் ‘கும்பயா’ பாடல், அந்தக் கடற்கரையைச் சேர்ந்த மக்களிடமிருந்து 1926-இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடல் என்பதை எத்தனை பேர் அறிவர்?

நமக்குரிய பாடம்

யூபிலி என்றதும் கொடியும் தோரணமும் மலரும் நமது நினைவுக்கு வருகின்றன. லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் விடுதலையாகித் தம் வீடு திரும்ப வேண்டும். கைமாறிய நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அதுவே யூபிலியின் தொடக்கம். விடுதலையும் நிலமும்! மவுண்ட் பிளசண்டின் மூதாட்டிகள் இன்றும் வேண்டி நிற்பதும் அதைத்தானே?

எல்லா ஊர்களிலும் மாளிகைக்குக் கல்வெட்டு உண்டு; குடிசைக்கு இல்லை. கோவில் கட்ட நன்கொடை தந்தவர் பெயர் பளிங்கில் பொறிக்கப்படும். கல் சுமந்தவர், சாந்து குழைத்தவர், கொத்தனாருக்குக் கஞ்சி கொண்டு வந்த தாய்மார் ஆகியோர் பெயர் யார் நெஞ்சில் இருக்கிறது? உங்கள் வீட்டு முதியவர்கள் சிலருக்கு இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும். ஆகவே, இம்மலரை வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இதில் விடுபட்ட பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு, ஓரத்தில் எழுதி வையுங்கள். எழுத இடம் போதாவிட்டால் ஒரு தாளை ஒட்டிக் கொள்ளுங்கள். அடுத்த யூபிலி மலரை எழுதப் போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். அவர்களுக்கு அப்பெயர்கள் வேண்டும்.

உங்கள் அனைவருக்கும் யூபிலி வாழ்த்துக்கள்.

பங்குத் தந்தை