எண்ணெய் ஒப்பந்தமும் இழப்பீட்டு உரிமையும்: தென் சூடான் காட்டும் சான்று

போரால் நிலமிழந்தோர் இழப்பீடு கோருங்கால் இரு வினாக்கள் எழும். உரிமை உளதோ என்பது ஒன்று; அதனைக் கேட்டுப் பெறும் மன்றம் உளதோ என்பது மற்றொன்று. முன்னது கிடைத்தும் பின்னது கிட்டாத மக்களின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சூடானின் தென்பகுதியில் பெந்தியு நகரத்தை அடுத்து 1978இல் செவ்ரான் நிறுவனம் எண்ணெய் கண்டது. 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டில் ஊழியர் கொல்லப்படவே அந்நிறுவனம் பணியை நிறுத்திற்று. 1997இல் 5ஏ எனும் நிலப்பகுதியின் உரிமையைச் சுவீடனின் லுண்டின் நிறுவனம் தலைமை தாங்கிய கூட்டு பெற்றது. ஆண்டு வாழ்ந்தோர் பெரும்பாலும் ஆனிரை மேய்க்கும் நூவேர் இனத்தவர். எண்ணெய் எடுக்க நிலம் வேண்டும். அந்நிலத்தைக் கைக்கொள்ள அரசுப்படையும் அதனைச் சார்ந்த குழுக்களும் ஊர்களை எரித்தன. வானூர்திகள் குண்டு பொழிந்தன. இப்பகுதியில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர் என்றும், 1,60,000 பேர் பெயர்க்கப்பட்டனர் என்றும் ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளின் கூட்டணியொன்று 2010இல் மதிப்பிட்டது. ‘செலுத்தப்படாத கடன்’ என்பது அவ்வறிக்கைக்கு இட்ட பெயர்.

இனி உரிமையை நோக்குவாம். 2004 சனவரியில் அரசும் சூடான் மக்கள் விடுதலை இயக்கமும் செய்த செல்வப் பகிர்வு உடன்படிக்கை, எண்ணெய் ஒப்பந்தங்களால் உரிமை மீறப்பட்டோர் இழப்பீட்டுக்கு உரியர் எனவும், மீறல் முறையான சட்டநெறியில் மெய்ப்பிக்கப்படின் ஒப்பந்தத் தரப்பினரே அதனை ஈடுசெய்யக் கடவர் எனவும் விதிக்கின்றது. ஒப்பந்தத் தரப்பினர் எனுஞ் சொல் நிறுவனத்தோடு அரசையும் உட்கொள்ளும் என்பது கருதத்தக்கது. ஆயின் எம்மன்றத்தில் மெய்ப்பிப்பது என்பதை அவ்விதி கூறவில்லை. 2011இல் தென் சூடான் தனிநாடாயிற்று. ஒப்பந்தமிட்ட அரசோ எல்லைக்கப்பால் நின்றது.

ஆகவே வழக்குகள் அயல்நாடுகளிற் சென்றன. அண்டை எண்ணெய்ப் பகுதியில் பங்குடைய கனடிய நிறுவனமாகிய தலிஸ்மன்மீது 2001இல் நியூயார்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. கொடுமையை அறிந்திருந்தமை போதாது, அதற்குத் துணைபோகும் நோக்கமும் வேண்டும் எனக் கூறி 2009இல் மேல்முறையீட்டு மன்றம் அதனைத் தள்ளியது. சுவீடனில் 2010இல் தொடங்கிய புலனாய்வின் முடிவில், 2021இல் லுண்டின் நிறுவனத்தின் முன்னைத் தலைவர் இருவர்மீது போர்க்குற்றத்திற்கு உடந்தையாயினர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்கள் அதனை மறுத்தனர். 2023 செப்டம்பர் 5இல் விசாரணை தொடங்கிற்று. பாதிக்கப்பட்டோர் ஆண்டுச் சென்று சான்று பகர்ந்தனர். எனினும் அவர்தம் இழப்பீட்டுக் கோரிக்கை குற்ற வழக்கினின்றும் பிரிக்கப்பட்டது.

இதற்கிடையே பங்குகள் கைமாறின. 2003இல் லுண்டின் தன் பங்கை மலேசியாவின் பெட்ரோனாசுக்கு விற்றது. அவ்வாண்டே தலிஸ்மன் பங்கை வாங்கியது நம் நாட்டு அரசு நிறுவனமாகிய ஓ.என்.ஜி.சி. விதேஷ். எனவே இஃது அயலார் வழக்கெனத் தள்ளத்தக்கதன்று. உரிமப்பங்கு கைமாறுங்கால் ஊதியம் உடன்செல்கின்றது. கடனும் உடன்செல்லுமோ என்பதே எஞ்சும் வினா.

சுருங்கக் கூறின், உரிமையை எழுதுவோர் அதனை வழங்கும் மன்றத்தையும், ஈடுசெய்யும் பொருளுக்கு வழியையும் உடனெழுதுதல் வேண்டும். அன்றேல் அவ்விதி, அரிசியிடாது ஏற்றிய உலைநீரையே ஒக்கும் எனத் துணிகின்றோம்.