ஆப்ஷன் லிஸ்ட்ல ஒளிஞ்சிருந்த கார்

இன்ஜினியரிங் முடிச்சுட்டு சாஃப்ட்வேர்ல பொட்டி தட்டுற கோஷ்டியில அடியேனும் ஒருத்தன். பழைய கார்களோட விலைப்பட்டியல் கிடைச்சா கதைப்புத்தகம் மாதிரி படிப்பேன் (சிரிக்காதீங்க மக்களே!). அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1964 போன்டியாக் டெம்பெஸ்ட்.

அமெரிக்கக் கணக்குல இது நடுத்தர அளவு கார். மூணு தரத்துல வந்துச்சு: சாதா டெம்பெஸ்ட், அதுக்கு மேல டெம்பெஸ்ட் கஸ்டம், வசதியானவங்களுக்கு லெமான்ஸ். இன்ஜின்னு பார்த்தா 140 குதிரைசக்தி தர்ற ஆறு சிலிண்டர். இன்னும் வேகம் வேணும்னா 326 கன அங்குல வி-8. அதுலயே 250, 280 குதிரைசக்தின்னு ரெண்டு வகை.

ஏன் அதோட நிறுத்திட்டாங்க? தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட விதி அப்படி. நடுத்தர கார்ல 330 கன அங்குலத்துக்கு (சுமார் 5.4 லிட்டர்) மேல இன்ஜின் கூடாது. போதாக்குறைக்கு 1963 ஜனவரியில, ரேஸ் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்கன்னு ஒரு உத்தரவு வேற. ரேஸ்ல ஜெயிச்சே பேர் வாங்கின போன்டியாக்குக்கு இது பெரிய அடி.

அங்க தலைமை இன்ஜினியரா இருந்தவர் ஜான் டிலோரியன். பெரிய கார்ல போடுற 389 இன்ஜினும் இந்த 326-ம் வெளி அளவுல ஒண்ணுதான், அப்படியே உட்காரும்னு அவரோட டீம்ல இருந்த பில் காலின்ஸ் கவனிச்சார். விதியை அவங்க படிச்ச விதம்தான் அருமை. அது மாடலோட வர்ற இன்ஜினுக்குத்தானே, வாங்குறவர் கூடுதலா கேட்டு வாங்கற ஆப்ஷனுக்கு இல்லையே! ஆக, லெமான்ஸ் ஆப்ஷன் பட்டியல்ல கிட்டத்தட்ட 295 டாலருக்கு ஒரு வரி சேர்ந்துச்சு: ஜிடிஓ. 325 குதிரைசக்தி, மூணு கார்புரேட்டர் வச்சா 348. பேர் கூட ஃபெராரிகிட்ட சுட்டதுதான்.

விற்பனைத் தலைவர் ஃபிராங்க் பிரிட்ஜ் 5,000 போதும்னார். அந்த வருஷம் வித்தது 32,450! 1966-ல தனி மாடலாவே ஆகி 96,946 போச்சு. அப்புறம் இன்சூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடுன்னு நெருக்கடி வந்து, 1972-ல மறுபடியும் லெமான்ஸோட ஆப்ஷன் ஆச்சு. 1974-ஓட அந்தப் பழைய ஜிடிஓ வரிசை நின்னுச்சு.

கதையோட வில்லங்கம் இனிமேதான். முதல் ரெண்டு வருஷம் ஜிடிஓ வெறும் ஆப்ஷன்ங்கறதால காரோட அடையாள எண்ணுல அதுக்குத் தடயமே இல்ல. லெமான்ஸை வாங்கி, இன்ஜினை மாத்தி, பேட்ஜ் ஒட்டி ஏமாத்தலாம். உண்மையானதான்னு பார்க்கணும்னா ஃபேக்டரி ரெக்கார்டைத்தான் தேடணும். அன்னிக்கு மேலிடத்துக்குத் தெரியாம நுழைய உதவின அதே ஓட்டை, இன்னிக்கு டூப்ளிகேட்டுக்கும் வழி விட்டிருக்கு. டாக்குமெண்டேஷன் எதுக்குன்னு கேக்குற நண்பர்களுக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம் :)

இதே மாதிரி விதியை வளைச்சுப் பிறந்த வண்டி வேற ஏதாச்சும் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.